கப்பல் சுற்றுலாவில் டிப்ஸ்: டர்பனில் ஏறும் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

நவம்பர் பிறந்தால் டர்பனில் சுற்றுலாக் கப்பல் காலம் தொடங்கிவிடும். கோடை முடியும்வரை சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், மெரபேங்க், டோங்காட் பக்கத்துக் குடும்பங்கள் மூன்று இரவு, நான்கு இரவு என்று மொசாம்பிக் கரைக்குப் போய் வருவார்கள். யாருக்காவது ஐம்பதாவது பிறந்த நாள் இருக்கும், யாராவது வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருப்பார்கள். டிக்கெட், உடுப்பு, குமட்டல் மாத்திரை எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசியில் மிச்சமிருப்பது டிப்ஸ் பற்றிய கேள்விதான். அதைப் பலர் வெளிப்படையாகக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

டிக்கெட்டிலேயே எல்லாம் கட்டியாயிற்றே, இன்னும் எதற்கு டிப்ஸ்?

முதலில் எதைக் கட்டினீர்கள் என்று பாருங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது கேபினுக்கும் சாப்பாட்டுக்குமான கட்டணம். அதன் கீழே சின்ன எழுத்தில் துறைமுகக் கட்டணம், காப்பீடு, ஊழியர் டிப்ஸ் என்று தனித்தனியாக வரிகள் இருக்கும். ஊழியர் டிப்ஸ் என்பதைச் சில நிறுவனங்கள் ‘ஹோட்டல் சர்வீஸ் சார்ஜ்’ என்று எழுதும். இரண்டும் ஒன்றுதான்: ஓர் ஆளுக்கு, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கணக்கிடும் தொகை. அந்த வரி உங்கள் ரசீதில் இருந்தால் அடிப்படை டிப்ஸைக் கப்பல் ஏறும் முன்பே கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். இல்லையென்றால் கப்பலில் உங்கள் கணக்கில் தினமும் ஏறிக்கொண்டே இருக்கும், கடைசி நாள் பில்லில் மொத்தமாக வரும்.

ஆகவே ஏஜென்டிடம் ‘டிப்ஸ் எவ்வளவு கொடுக்கணும்?’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ‘இந்த விலையில் சர்வீஸ் சார்ஜ் அடக்கமா, இல்லையா?’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தத் தினசரித் தொகை எவ்வளவு இருக்கும்?

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஆண்டுக்கு ஆண்டு ஏறும். பெரிய அமெரிக்க நிறுவனங்களில் இப்போது ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 16 முதல் 25 டாலர் வரை போகிறது. பெரிய சூட் அறை எடுத்தால் சாதாரண கேபினைவிட அதிகம். நம் ஊரில் விற்கும் பயணங்களுக்கு இதை ராண்டில் தனியாக அச்சிட்டிருப்பார்கள். போன வருடம் போய்வந்த சித்தப்பா சொன்ன தொகையை நம்பிப் பட்ஜெட் போட வேண்டாம்.

பிள்ளைகளுக்கும் உண்டா?

கைக்குழந்தைக்குப் பல நிறுவனங்கள் வாங்குவதில்லை. சிலவற்றில் 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பாதி. சில அமெரிக்கக் கப்பல்களில் வயது வித்தியாசமே கிடையாது.

எங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

உதாரணத்துக்கு, பெரியவர் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 250 ராண்ட், பிள்ளைக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். இது நானாகப் போட்ட எண், எந்த நிறுவனத்தின் விலையும் இல்லை. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நான்கு இரவு. பெரியவர்களுக்கு 2,000, பிள்ளைகளுக்கு 1,000, மொத்தம் 3,000 ராண்ட். மலிவாக டிக்கெட் கிடைத்தது என்று சந்தோஷப்படுபவர்கள் தடுமாறும் இடம் இதுதான். அதுவும் ஒரே கேபினில் நான்கு பேர் படுக்கும்போது மூன்றாவது, நான்காவது ஆளுக்கு ‘இலவசம்’ என்று விளம்பரம் செய்வார்கள். இலவசம் என்பது கேபின் கட்டணத்துக்கு மட்டும். சர்வீஸ் சார்ஜும் துறைமுகக் கட்டணமும் அந்த இலவச ஆளுக்கும் உண்டு.

அந்தப் பணம் உண்மையிலேயே ஊழியர்களுக்குப் போகிறதா?

பொது நிதியாகச் சேர்த்துப் பிரித்துக் கொடுக்கிறார்கள். உங்கள் கேபினைச் சுத்தம் செய்யும் ஸ்டூவர்ட், மேசையில் பரிமாறும் வெயிட்டர், அவருக்கு உதவியாளர் ஆகியோர் உங்கள் கண்ணில் படுகிறவர்கள். பல நிறுவனங்களில் சலவையறையில் படுக்கை விரிப்பு மடிப்பவர், சமையலறையில் பாத்திரம் கழுவுபவர் என்று கண்ணில் படாதவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. கோயில் அன்னதானத்தில் வாளியோடு வருபவரைத்தான் பந்தியில் இருப்பவர்களுக்குத் தெரியும். பின்கட்டில் அண்டா தேய்ப்பவரை யாரும் பார்ப்பதில்லை. கப்பலிலும் அதே நிலைதான்.

யாருக்கு எத்தனை சதவீதம் என்ற கணக்கைப் பெரும்பாலான நிறுவனங்கள் வெளியே சொல்வதில்லை. அது எனக்கும் உறுத்தும் விஷயம்தான். ஆனால் அந்த உறுத்தலுக்காக ஊழியரின் பங்கைப் பிடித்து வைப்பது நியாயமாகத் தெரியவில்லை.

கம்பெனியே ஒழுங்காகச் சம்பளம் கொடுத்தால் என்ன?

நல்ல கேள்வி. கப்பல் டர்பனில் நிற்கிறது என்பதற்காகத் தென்னாப்பிரிக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அதன் உள்ளே வந்துவிடாது. பெரும்பாலான சுற்றுலாக் கப்பல்கள் பனாமா, பஹாமாஸ், பெர்முடா, மால்டா போன்ற நாடுகளில் பதிவு செய்யப்பட்டவை. கப்பல் எந்த நாட்டுக் கொடி பறக்கவிடுகிறதோ அந்த நாட்டுச் சட்டமே உள்ளே செல்லும். உலக அளவில் இருக்கும் பாதுகாப்பு 2006-இல் உருவாக்கி 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. அதன்படி வேலை நேரத்துக்கு உச்சவரம்பு 24 மணி நேரத்தில் 14 மணி, வாரத்தில் 72 மணி. உச்சவரம்பே இவ்வளவு என்பதைக் கவனியுங்கள். ஞாயிறு விடுமுறை என்று ஒன்று கிடையாது. ஒப்பந்தம் ஆறு மாதம், எட்டு மாதம், சில வேலைகளுக்கு இன்னும் நீளும். பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, கோவா, மும்பை, மடகாஸ்கர், மொரீஷியஸ் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் கணிசமான பகுதி இந்தச் சர்வீஸ் சார்ஜிலிருந்து வருகிறது.

மாற்றுவழி இல்லாமல் இல்லை. பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019-இல் தினசரி டிப்ஸை நீக்கிவிட்டது. சில்வர்சீ, சீபோர்ன் போன்ற விலையுயர்ந்த கப்பல்களில் டிக்கெட்டிலேயே அடக்கம். மற்றவை இதைத் தனி வரியாக வைத்திருப்பதற்குக் காரணம், விளம்பரத்தில் போடும் விலை குறைவாகத் தெரியும் என்பதுதான். வேறு நாசூக்கான காரணம் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

முன்பெல்லாம் கவரில் போட்டுக் கொடுப்போமே?

ஆமாம். ஒரே மேசை, ஒரே நேரம், ஒரே வெயிட்டர் என்று இருந்த காலத்தில் கடைசி இரவு கவர் கொடுப்பது சுலபமாக இருந்தது. 2000-இல் நார்வீஜியன் குரூஸ் லைன் என்ற கப்பல் நிறுவனம் ‘எந்த உணவகத்திலும் எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம்’ என்ற முறையைக் கொண்டுவந்தது, மற்றவையும் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தன. ஒவ்வொரு இரவும் வேறொரு வெயிட்டர் பரிமாறும்போது கவர் யாருக்கு? அதனால் தானாகக் கணக்கில் ஏறும் முறை பரவியது. இன்றும் கவர் கேட்டால் ரிசப்ஷனில் கிடைக்கும், ஆனால் அது கூடுதலாகக் கொடுப்பதற்கு.

எனக்கு அந்தத் தினசரித் தொகை வேண்டாம். எடுத்துவிடச் சொல்லலாமா?

‘கட்டாயம்’ என்று அச்சிட்டு முன்பணமாக வாங்கியிருந்தால் முடியாது, பேசிப் பயனில்லை. சில நிறுவனங்களில் ரிசப்ஷனில் சொன்னால் குறைப்பார்கள் அல்லது நீக்குவார்கள். சிலவற்றில் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

‘அதை எடுத்துவிட்டு, எனக்குப் பிடித்தவர்களுக்குக் கையில் கொடுத்துக்கொள்கிறேன்’ என்று கெட்டிக்காரத்தனமாகச் சொல்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சில நிறுவனங்களில், தினசரித் தொகையை நீக்கிய பயணி கையில் கொடுக்கும் பணத்தை ஊழியர் பொது நிதியில் சேர்த்துவிட வேண்டும் என்பது விதி. நீங்கள் சிரித்துக்கொண்டே நீட்டிய நோட்டு அவர் பையில் தங்காது. தொகையை வைத்திருந்தால், அதற்கு மேல் நீங்கள் கொடுப்பது அவருக்கே.

என் கருத்தைக் கேட்டால், எடுக்கவே கூடாது. அந்தப் பணம் கட்ட முடியாத நிலை என்றால் ஒரு இரவு குறைவான பயணத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சரி, தினசரித் தொகை கட்டியாயிற்று. கையில் யாருக்குத் தனியாகக் கொடுப்பது?

கடமை எதுவும் இல்லை. கொடுக்காவிட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனாலும் நம் ஊரில் பெட்ரோல் போடுபவருக்கு 5 ராண்ட், கார் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு நாணயம், உணவகத்தில் 10 முதல் 15 சதவீதம் என்று பழகிய கைக்குச் சும்மா இருக்க முடியாது. அப்படியென்றால் முதலிடம் கேபின் ஸ்டூவர்டுக்கு.

டர்பனில் கப்பல் திரும்பும் நாளைப் பாருங்கள். காலையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பெட்டியோடு இறங்குவார்கள். மதியத்துக்குள் அடுத்த கூட்டம் ஏறத் தொடங்கும். இடையில் கிடைக்கும் சில மணி நேரத்தில் ஒரு ஸ்டூவர்ட் தன் பொறுப்பில் உள்ள கேபின்கள் எல்லாவற்றிலும் விரிப்பு மாற்றி, குளியலறை தேய்த்து, கட்டிலைப் பிரித்தோ சேர்த்தோ போட்டு, மேலே மடிக்கும் படுக்கைகளை இறக்கி, குப்பை அள்ளி முடித்திருக்க வேண்டும். நீங்கள் உள்ளே நுழையும்போது துண்டு மடிப்பு கலையாமல் இருக்கும், குழந்தைக்குத் துண்டில் செய்த யானை ஒன்று கட்டிலில் உட்கார்ந்திருக்கும். மணலோடு வந்த பிள்ளைகளின் கால் தடத்தை மறுநாளும் அவரே துடைப்பார்.

மூன்று, நான்கு இரவுப் பயணத்துக்கு ஒரு கேபினுக்கு 100 முதல் 200 ராண்ட் கொடுத்தால் மரியாதையாக இருக்கும். நான்கு பேர் அடைந்து கிடக்கும் கேபின் என்றால் 200 பக்கம் போங்கள். ஒவ்வோர் இரவும் ஒரே மேசையில் சாப்பிட்டால் வெயிட்டருக்கும் அதே அளவு, உதவியாளருக்கு அதில் பாதி. அறைக்குக் காபியோ சாண்ட்விச்சோ கொண்டுவருபவருக்கு 20 ராண்ட். இதெல்லாம் என் அளவுகோல். உங்கள் வசதிப்படி கூட்டலாம், குறைக்கலாம்.

விரதம், சைவம் என்று தனிச் சமையல் கேட்டால்?

அங்கே கொஞ்சம் தாராளமாக இருங்கள். தைப்பூசக் காவடி கப்பல் காலத்தின் நடுவிலேயே வருகிறது. விரதத்தில் இருப்பவர் எதற்குக் கப்பல் ஏறுகிறார் என்று கேட்காதீர்கள், பேரன் டிக்கெட் வாங்கிவிட்டால் ஆயா என்ன செய்வார்? முதல் இரவே ஹெட் வெயிட்டரிடம் வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, முட்டை இல்லை என்று சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வோர் இரவும் அவர் மறுநாள் மெனு அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் மேசைக்கு வந்து, எதை மாற்றிச் செய்யலாம் என்று விரலால் ஒவ்வொரு வரியாகக் காட்டிக் கேட்டுக் குறித்துக்கொள்வார். சமையலறையில் இந்தியச் சமையல்காரர் இருந்தால் மெனுவிலேயே இல்லாத பருப்பும் சப்பாத்தியும் வந்து சேரும். இந்த உழைப்பு அவருடைய வழக்கமான சுற்றுக்கு வெளியே போகிறது. வெயிட்டருக்குக் கொடுப்பது போல அவருக்கும் தனியாகக் கொடுங்கள். சமையல்காரருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றால் அவர் வழியாகச் சொல்லி அனுப்பலாம்.

எப்போது கொடுப்பது? முதல் நாளா, கடைசி நாளா?

கடைசி முழு நாளின் மாலை நல்லது. இறங்கும் காலையில் ஸ்டூவர்டைத் தேடினால் கிடைக்க மாட்டார். கையில் விரிப்புக் குவியலோடு எங்கோ ஓடிக்கொண்டிருப்பார். முதல் நாளே கொடுத்தால் கவனிப்பு கூடும் என்று ஒரு கட்சி உண்டு. குறிப்பாக ஏதாவது கேட்கிறீர்கள் என்றால், உதாரணமாக வயதானவருக்கு இரண்டு தலையணை அதிகம், தினமும் ஐஸ் கட்டி, மருந்து வைக்கக் குளிர்பெட்டி என்றால், அன்றே 50 ராண்ட் கொடுத்துச் சொல்வதில் தப்பில்லை. கேபினில் மேசைமேல் நோட்டை வைத்துவிட்டுப் போகாதீர்கள். மறந்து வைத்த பணமோ என்று தொட மாட்டார்கள். கவரில் போட்டு அவர் பெயரை எழுதுங்கள், முடிந்தால் கையில் கொடுங்கள்.

ராண்டில் கொடுக்கலாமா, டாலர்தான் வேண்டுமா?

டர்பனுக்கு அடிக்கடி வந்து போகும் கப்பல் என்றால் ராண்ட் நோட்டு தாராளமாகப் போதும். துறைமுகத்தில் சில மணி நேர ஓய்வு கிடைத்தால் ஊழியர்கள் கடைக்குப் போய் சோப்பு, சாக்லேட், சிம் கார்டு வாங்குவார்கள், அப்போது செலவாகிவிடும். ஆனால் பருவம் முடியும் கடைசிப் பயணங்களில் கப்பல் ஐரோப்பா பக்கம் திரும்பிவிடும், அப்போது ராண்ட் அவர்களுக்குச் சுமை. அந்த வேளையில் டாலரோ யூரோவோ இருந்தால் நல்லது.

நாணயம் மட்டும் வேண்டவே வேண்டாம். வெளிநாட்டு நாணயத்தைப் பணம் மாற்றும் இடங்களில் பொதுவாக வாங்குவதில்லை. பர்ஸில் குலுங்கும் 5 ராண்டை எல்லாம் திரட்டி ஒரு இந்தோனேசியரின் கையில் கொட்டுவது உங்கள் பர்ஸுக்குத்தான் உதவி.

பாரில் ஒவ்வொரு கோப்பைக்கும் கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். பெரும்பாலான கப்பல்களில் பான விலையோடு 15 முதல் 20 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்தே வரும், பல இடங்களில் 18. பானப் பொதி (பானங்களுக்கு மொத்தமாக முன்பே பணம் கட்டும் திட்டம்) வாங்கினாலும் அதிலேயே அடக்கம். தனிக் கட்டண உணவகம், ஸ்பா ஆகியவையும் அப்படியே. கையெழுத்துப் போடும் சீட்டில் ‘டிப்ஸ்’ என்று மறுபடியும் ஒரு காலி வரி இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், ஒரு கோடு போட்டுவிடுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இல்லாமல் எலுமிச்சை சோடா என்று சொல்லாமலே கலந்து வைக்கும் பார்டெண்டருக்கு நடுவில் ஒரு நாள் 50 ராண்ட் கொடுத்தால் அது உங்கள் பிரியம்.

துறைமுகத்தில் பெட்டி தூக்குபவர்?

பாயின்ட் பகுதியில் இருக்கும் நெல்சன் மண்டேலா முனையத்தில் பெட்டியை வாங்கிக்கொள்பவர்கள் கப்பல் ஊழியர்கள் இல்லை, அவர்களுக்குச் சர்வீஸ் சார்ஜில் பங்கு கிடையாது. ஒரு பெட்டிக்கு 10 அல்லது 20 ராண்ட் கையோடு வைத்திருங்கள்.

கரையில் இறங்கும்போது?

மொசாம்பிக்கில் போர்ச்சுகீஸ் தீவு, பொமேனே போன்ற இடங்களில் கடற்கரையில் இறைச்சி சுட்டுப் பரிமாறுபவர்கள் பெரும்பாலும் கப்பலிலிருந்தே வந்தவர்கள். படகு ஓட்டுபவர், முடி பின்னிவிடும் பெண்கள், இளநீரோ துணியோ விற்பவர்கள் உள்ளூர்க்காரர்கள். ராண்ட் நோட்டு அங்கே செல்லும், ஆனால் 200 ராண்டை நீட்டினால் மீதிச் சில்லறைக்கு அலைய வேண்டும். சின்ன நோட்டாகக் கொண்டுபோங்கள். அவர்களிடம் 10 ராண்டுக்குப் பேரம் பேசி ஜெயிப்பதில் எனக்குப் பெருமை தெரியவில்லை.

நீண்ட பயணத்தில் மொரீஷியஸ், ரீயூனியன் போனால் விஷயம் வேறு. ரீயூனியன் பிரெஞ்சு மண், யூரோதான் நாணயம், உணவக பில்லில் சேவை அடக்கம். மீதிச் சில்லறையை விட்டுவருவது போதும். மொரீஷியஸிலும் டிப்ஸ் கட்டாயமில்லை. நாள் முழுக்கச் சுற்றிக் காட்டிய டாக்ஸிக்காரர் போகிற வழியில் முருகன் கோயிலில் அரை மணி நேரம் காத்திருந்தால் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். கப்பல் வழியாகப் பதிவு செய்த சுற்றுலாவில் வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் டிப்ஸ் அடக்கம் இல்லை.

கேப்டனுக்கு?

கூடாது. கேப்டன், பொறியாளர், மருத்துவர், ரிசப்ஷனில் இருப்பவர் யாருக்கும் பணம் நீட்டுவதில்லை. கைகுலுக்கி நன்றி சொல்லுங்கள்.

பணத்துக்குப் பதில் வீட்டுப் பலகாரம் கொடுக்கலாமா?

முறுக்கு டப்பாவோடு ஏற முடியுமா என்ற கேள்வி தீபாவளியை ஒட்டிய பயணங்களில் தவறாமல் வரும். வீட்டில் செய்த உணவைக் கப்பலுக்குள் பொதுவாக அனுமதிப்பதில்லை. முத்திரையோடு கடையில் வாங்கிய பொட்டலம் சில சமயம் தப்பும், அதையும் நிறுவனத்தின் விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். கோவாக்காரப் பையனுக்கு உங்கள் ரவா லட்டு பிடிக்கும் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் அவன் ஊருக்கு அனுப்ப முடிவது நோட்டைத்தான்.

இருபது பேர் கூட்டமாகப் போகிறோம். ஒவ்வொருவரும் கொடுக்கணுமா?

ஏறும் முன்பே ஒரு ஆளிடம் பொதுப் பணம் சேர்த்துவிடுங்கள், பொறுப்பான அத்தை யாராவது இருப்பார். இரண்டு, மூன்று மேசைகளை ஒரே வெயிட்டர் கவனிப்பார், அவருக்கு ஒரே கவர். இல்லையென்றால் கடைசி இரவு ‘நீ கொடுத்தாயா, நான் கொடுத்தேனா’ என்று ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டு எல்லோரும் கேபினுக்குப் போய்விடுவார்கள். கேபின் ஸ்டூவர்டுக்கு மட்டும் அவரவர் கேபினிலிருந்து தனியாக.

சேவை மோசமாக இருந்தால்?

இரண்டாம் நாளே ரிசப்ஷனில் சொல்லுங்கள். விரிப்பு மாற்றவில்லை, சாப்பாடு ஆறிப்போய் வருகிறது என்றால் அன்றே சரிசெய்ய முடியும். எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டு கடைசி நாள் டிப்ஸைப் பிடித்தால் தப்பு செய்தவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. சலவையறையில் இருப்பவர்தான் குறைவாக வாங்குவார்.

கூடுதலாகக் கொடுக்க வசதியில்லை. வேறு என்ன செய்யலாம்?

பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். சட்டையில் பெயரும் நாடும் எழுதிய அட்டை இருக்கும். பயணம் முடிந்ததும் நிறுவனம் மின்னஞ்சலில் அனுப்பும் கருத்துப் படிவத்தில் அந்தப் பெயரையும் அவர் செய்ததையும் இரண்டு வரி எழுதுங்கள். பதவி உயர்வுக்கும் அடுத்த ஒப்பந்தத்துக்கும் அதைப் பார்க்கிறார்கள். பணம் கொடுத்தவர்களும் இதைச் செய்யலாம், பாதிப் பேர் செய்வதில்லை.

கடைசி பில்லில் எதைப் பார்க்க வேண்டும்?

சர்வீஸ் சார்ஜை முன்பே கட்டியிருந்தால் அது மறுபடியும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், ரசீதின் நகலைப் போனில் வைத்திருங்கள். பிள்ளைகளுக்குப் பாதி என்று சொன்னது பாதியாகவே இருக்கிறதா என்றும் பாருங்கள். கேபின் டிவியிலோ செயலியிலோ கணக்கு தெரியும். முந்தைய இரவே பார்த்துவிட்டால் நல்லது. காலையில் ரிசப்ஷன் முன்னால் நீளும் வரிசையில் நின்றால் இறங்கும் நேரமும் போகும், வெளியே காத்திருக்கும் மச்சானின் பொறுமையும் போகும்.